கல்வெட்டை அப்பிடியே விக்கியில போடேலாது, ஏன்?

எங்கட யாழ்ப்பாணப் பக்கம் ஒராள் செத்துப்போனா முப்பத்தோராம் நாளுக்கு கல்வெட்டு எண்டு ஒரு நினைவுப் புத்தகம் அடிச்சுக் குடுக்கிறது வழக்கம். முன்னட்டையில படம், உள்ளுக்கு தேவாரம், பிறகு ஆளின்ர வரலாறு, கடைசியில பிள்ளையளின்ர புலம்பல். அதில ஆளைப் பற்றி ஒரு குறையும் வராது, வரவும் கூடாது, அது அதுக்கான இடம். போன வருசம் கஸ்தூரியார் வீதிப் பக்கம் கடை வச்சிருந்த ஒரு முதலாளியின்ர மகன் அப்பிடி ஒரு கல்வெட்டைக் கொண்டுவந்து, "தம்பி, அப்பாவுக்கு விக்கிப்பீடியாவில ஒரு பக்கம் போட்டுத் தாரும், எல்லாம் இதில இருக்கு, அப்பிடியே டைப் பண்ணினாச் சரி" எண்டார். அது ஏன் ஏலாது எண்டு அவருக்கு விளங்கப்படுத்த ஒரு பின்னேரம் முழுக்கப் போட்டுது, அண்டைக்குக் கதைச்சதைத்தான் இஞ்ச எழுதிறன்.

கல்வெட்டில முதல் வரி "ஏழைகளின் கண்ணீர் துடைத்த கொடைவள்ளல்". இதில பிழை என்னெண்டா, வாசிக்கிற ஆளால இதைச் சரிபாக்க ஒரு வழியும் இல்லை. நான் கேட்டன், அண்ணை, ஐயா ஆருக்கு என்ன குடுத்தவர்? அவர் யோசிச்சுப்போட்டு, அப்பா தான் படிச்ச பள்ளிக்கூடத்துக்கு ஒரு மண்டபம் கட்டிக் குடுத்தவர், பள்ளிக்கூட மலரிலயும் அது வந்திருக்கு எண்டார். அவ்வளவுதான் வேணும். இன்ன பள்ளிக்கூடம், இன்ன வருசம், ஒரு மண்டபம், மலரில இன்ன பக்கம். கொடைவள்ளலோ இல்லையோ எண்டதை வாசிக்கிறவை முடிவெடுக்கட்டும். விக்கி கேக்கிற நடுநிலை எண்டா நல்லதைச் சொல்லாம விடுறது எண்டு கனபேர் நினைக்கினம், அப்பிடியில்லை, நடந்ததை ஆர் சொன்னது எண்டதோட சேத்துச் சொல்லுறது.

அடுத்தது சான்று, இதிலதான் கனக்கச் சறுக்கிறது. பேப்பரில வந்தா எல்லாம் சான்று இல்லை. ஒரு புதுக்கிளை திறந்தா கம்பனி தானே செய்தி எழுதிப் படத்தோட அனுப்பும், மூண்டு பேப்பரில ஒரே வசனத்தோட வரும், அது மூண்டு சான்று இல்லை, கம்பனியின்ர ஒரு வாய்தான். பேட்டியும் அப்பிடித்தான், தன்னைப் பற்றித் தானே சொல்லுறது. பிறந்த ஊர், படிச்ச பள்ளிக்கூடம் மாதிரி ஒருத்தரும் சண்டைபிடிக்காத விசயங்களுக்கு அதுகளை எடுக்கலாம், "முன்னணி", "முதன்முதலில்" எண்ட சொல்லுகளுக்கு ஏலாது. கொழும்புப் பங்குச்சந்தையில இருக்கிற கம்பனி எண்டா ஆண்டறிக்கையில வருமானக் கணக்குக் கிடைக்கும், ஆனா முதலாளி கெட்டிக்காரன் எண்டதுக்கு அந்த அறிக்கை சாட்சியில்லை. அவரோட சம்பந்தமில்லாத ஆரும் அவரைப் பற்றி விரிவா எழுதாட்டி பக்கமே நிக்காது, இதைத்தான் குறிப்பிடத்தக்கமை எண்டுறது.

இன்னொரு பொறி இருக்கு. சான்றில்லாம ஆரோ விக்கியில ஒரு வரி போடுவார், பேப்பர்காரர் அதைப் பாத்து எழுதுவினம், பிறகு அந்தப் பேப்பரையே விக்கி வரிக்குச் சான்றாக் கொண்டுவந்து வைப்பினம். இதைப் பிடிக்கிற வழி ஒவ்வொரு கட்டுரைக்கும் இருக்கிற வரலாற்றுப் பக்கம். ஒவ்வொருக்கா சேமிக்கேக்கையும் அந்தப் பதிப்பு திகதி, நேரத்தோட தனியா நிக்கும், எந்த ரெண்டு பதிப்பையும் பக்கத்தில பக்கத்தில வச்சு வித்தியாசம் பாக்கலாம், அந்த வரி பேப்பருக்கு முந்தியே வந்திருந்தா விசயம் வெளிச்சிடும்.

மிஷினும் காவல் நிக்குது. ஆங்கில விக்கியில குளூபொட் என்ஜி எண்டொரு பொட் (தானா ஓடுற நிரல்), மனிசர் நல்லது கெட்டது எண்டு பிரிச்சுக் குடுத்த திருத்தங்களில இருந்து படிச்சது, புதுசா வாற திருத்தம் கெட்டதா இருக்க எவ்வளவு வாய்ப்பு எண்டு புள்ளி போடும், புள்ளி எல்லையைத் தாண்டினா தானா முந்தின பதிப்புக்குத் திருப்பிவிடும். கெட்ட வார்த்தை, பக்கத்தை வெறுமையாக்கிறது எல்லாம் நல்லாப் பிடிக்கும். ஆனா வடிவான வசனத்தில எழுதின பொய்யும் புகழும் அதுக்குத் தெரியாது. அப்பிடியான பொய் என்ன செய்யும் எண்டதுக்கு இந்த பொட் வர முந்தினதொரு கதை: 2005 மே மாசம் அமெரிக்கப் பத்திரிகையாளர் ஜோன் சீகன்தாலரின்ர பக்கத்தில, கென்னடி சகோதரர் கொலையில அவர் மேல சந்தேகம் இருந்தது எண்டு ஆரோ எழுதிவிட, நாலு மாசத்துக்கு மேல அந்தப் பொய் அப்பிடியே கிடந்தது. உயிரோட இருக்கிற ஆக்களைப் பற்றின விதி இறுகினது அதுக்குப் பிறகுதான், சான்றில்லாத சர்ச்சையான வரி எண்டா உடன எடுக்கோணும், வாதம் பிறகு.

இந்த விதி முதலாளிமாரையும் காப்பாத்துது. வழக்குப் போட்டதும் குற்றவாளி எண்டு தீர்ப்பு வந்ததும் ஒண்டில்லை. முப்பது வருசம் வியாபாரம் செய்த ஒராளின்ர பக்கத்தில பாதி ஒரு தொழிலாளர் தகராறாப் போனா, அது உண்மையா இருந்தாலும் நடுநிலையில்லை. நம்பத்தக்க சான்றுகள் எதுக்கு எவ்வளவு இடம் குடுக்குதோ அந்த அளவுதான்.

காசு விசயத்தில கவனமா இருங்கோ. 2014இல இருந்து காசு வாங்கி எழுதிறவை ஆருக்காக எழுதினம் எண்டதைப் பகிரங்கமாச் சொல்லோணும். 2015இல ஆங்கில விக்கியில ஒரேஞ்மூடி எண்டு பெயர் வச்ச ஒரு கூட்டத்தின்ர 381 கணக்குகளைத் தடை செய்தவை. நிராகரிக்கப்பட்ட கட்டுரையளைத் தேடிப்பிடிச்சு, அந்தச் சின்னச் சின்ன வியாபாரிகளிட்டப் போய்ப் பக்கம் போட்டுத் தாறம் எண்டு காசு கேக்கிறது, பிறகு பக்கத்தைக் காவல் காக்கவும் காசு கேக்கிறது. இப்பிடி ஆரும் வந்தா ஒரு சதமும் குடுக்காதேங்கோ, விக்கியில பக்கத்துக்குக் கட்டணம் எண்டு ஒண்டு இல்லவே இல்லை.

எங்களுக்குப் பெரிய கஷ்டம் வேற. 1981இல யாழ்ப்பாண நூலகத்தோட 97,000 அளவிலான புத்தகமும் ஏடும் எரிஞ்சு போச்சு, அதுக்குப் பிறகு இடப்பெயர்வில வீடுகளில இருந்ததும் போட்டுது. 2005இல தொடங்கின நூலகம் இணையத்தளத்தில பழைய மலர், சஞ்சிகை, பேப்பர் எல்லாம் ஸ்கான் பண்ணிப் போடுறதால ஏதோ தப்பி நிக்கிறம். அண்ணையும் நானும் அதுக்குள்ள ரெண்டு கிழமை தேடி கடையின்ர ஒரு பழைய விளம்பரத்தைக் கண்டுபிடிச்சம். அதில கடை தொடங்கின வருசம், கல்வெட்டில இருக்கிறதை விட அஞ்சு வருசம் பிந்தி.

அண்ணை தான் மகன் எண்டதைச் சொல்லி, ரெண்டு வருசத்தையும் விக்கியில தன்ர பயனர் கணக்கின்ர உரையாடல் பக்கத்தில எழுதினார். பக்கம் இன்னும் போடேல்லை. பள்ளிக்கூட மலரும் விளம்பரமும் மட்டும் காணாது, ஐயாவைப் பற்றி வெளி ஆக்கள் ஆரும் எழுதினதைத் தேடிக்கொண்டிருக்கிறம், பழைய வர்த்தக சங்க மலர் ஆரிட்டயும் இருந்தாச் சொல்லுங்கோ.