ரிக்டர் 6 என்றால் உங்கள் வீட்டில் எவ்வளவு குலுங்கும்?

2010 செப்டம்பர் 4 விடியற்காலையில் நியூசிலாந்தின் டார்ஃபீல்ட் அருகே 7.1 அளவில் நிலநடுக்கம் வந்தது. கட்டடம் இடிந்து விழுந்து ஒருவர்கூட இறக்கவில்லை. 2011 பிப்ரவரி 22 நண்பகலில் அதன் பின்னதிர்வு ஒன்று, 6.2 அளவில், கிறைஸ்ட்சர்ச் நகரைத் தாக்கியது. 185 பேர் இறந்தார்கள். முதலாவதில் வெளியான ஆற்றல் ஏறக்குறைய இருபது மடங்கு அதிகம். ஆனால் அதன் மையம் நகரிலிருந்து சுமார் 40 கி.மீ. தள்ளி இருந்தது. இரண்டாவதோ நகரை ஒட்டியே, 5 கி.மீ. ஆழத்தில் வெடித்தது. நடமாட்டம் மிகுந்த நேரம் வேறு.

செய்தியில் வரும் எண்ணை வைத்து மட்டும் ஆபத்தை எடைபோட முடியாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

நிலநடுக்க அளவு என்பது பூமிக்குள் பாறை எவ்வளவு தூரத்துக்கு உடைந்து, எவ்வளவு நகர்ந்தது என்பதன் கணக்கு. ஒரு நிலநடுக்கத்துக்கு ஒரே எண்தான். செறிவு என்பது நீங்கள் இருக்கும் இடத்தில் தரை எப்படிக் குலுங்கியது என்பது. அது ஊருக்கு ஊர் மாறும். செறிவை 1 முதல் 12 வரை, வழக்கமாக ரோமன் எண்களில் குறிப்பார்கள். 3 என்றால் தொங்கும் விளக்கு லேசாக ஆடும்; 5 என்றால் தூங்குபவர்கள் விழித்துக்கொள்வார்கள்; 8 என்றால் சாதாரணக் கட்டடங்களுக்குக் கணிசமான சேதம்.

சார்லஸ் ரிக்டர் 1935இல் கலிபோர்னியாவுக்காக வகுத்த அளவு, மிகப்பெரிய நிலநடுக்கங்களைக் குறைத்தே காட்டும். அதனால் 1979இல் ஹாங்க்ஸ், கனமோரி இருவரும் வகுத்த உந்தத்திறன் அளவைத்தான் இன்று பெரிய நிலநடுக்கங்களுக்குப் பயன்படுத்துகிறோம். உடைந்த பரப்பு, சறுக்கிய தூரம், பாறையின் விறைப்பு மூன்றையும் பெருக்கி, வரும் பெரிய எண்ணை மடக்கைக் கணக்கால் சுருக்கி அதைக் கணிக்கிறோம். 40 கி.மீ. நீளம், 15 கி.மீ. அகலத்துக்குப் பாறை உடைந்து 1.5 மீட்டர் சறுக்கினால் அளவு சுமார் 6.9. நீளமும் சறுக்கலும் இரண்டு மடங்கானால்? 7.3தான். எண்ணில் சிறிதாகத் தெரியும் வேறுபாட்டுக்குள் இவ்வளவு இருக்கிறது.

அளவு 1 கூடினால் ஆற்றல் சுமார் 32 மடங்கு, 2 கூடினால் 1,000 மடங்கு; 0.2 கூடினாலே இரட்டிப்பு. ஆனால் உங்கள் வீடு 32 மடங்கு வேகமாக ஆடும் என்று பொருளல்ல. கூடுதல் ஆற்றலின் பெரும்பகுதி அதிக நேரத்துக்கும் அதிகப் பரப்புக்கும் பரவிவிடுகிறது. 2004 சுமத்ரா நிலநடுக்கத்தில் பிளவு சுமார் 1,300 கி.மீ. நீளத்துக்கு, பல நிமிடங்கள் உடைந்துகொண்டே போனது.

'சின்னச் சின்ன அதிர்வுகள் வந்தால் நல்லது, பெரியது வராது' என்று சொல்லி நிம்மதி அடைபவர்கள் ஏராளம். தயவுசெய்து நம்பாதீர்கள். 7 அளவின் ஆற்றலைத் தீர்க்க 5 அளவில் 1,000 அதிர்வுகள் வேண்டும். இயற்கையில் ஒரு 7க்குச் சராசரியாக 100தான் வருகின்றன.

மண்ணும் கணக்கை மாற்றிவிடும். 1985இல் மெக்சிகோவில் வந்த நிலநடுக்கத்தின் மையத்திலிருந்து மெக்சிகோ நகரம் 350 கி.மீ.க்கும் அப்பால் இருந்தது. பழைய ஏரிப் படுகையின் களிமண் சுமார் 2 விநாடிக்கு ஒருமுறை என்ற தாளத்தில் ஆடியது. அதே தாளத்துக்கு ஒத்துப்போன 6 முதல் 15 மாடி வரையிலான கட்டடங்களே அதிகம் சிதைந்தன. தாழ்ந்த வீடுகள் பல தப்பின.

எனவே நிலநடுக்கச் செய்தி வந்ததும் எண்ணோடு ஆழத்தையும் தூரத்தையும் பாருங்கள். 2015 அக்டோபரில் ஆப்கானிஸ்தானின் இந்துகுஷ் மலைப்பகுதியில் வந்த 7.5 அளவு நிலநடுக்கம் 200 கி.மீ.க்கும் கீழே நிகழ்ந்தது. தொலைதூரம் வரை உணரப்பட்டாலும், மேலோட்டமாக நிகழ்ந்திருந்தால் மையத்தருகே சேதம் பல மடங்காகியிருக்கும். முதலில் வெளியாகும் அளவு தானியங்கிக் கணக்கு. அடுத்த சில மணி நேரத்தில் 0.2, 0.3 மாறுவது இயல்பு. யாரும் எதையும் மறைக்கவில்லை.

அதிர்வை உணர்ந்தால் அமெரிக்க நிலவியல் ஆய்வு மையத்தின் இணையப் படிவத்தில் பதியுங்கள். எந்த மாடியில் இருந்தீர்கள், உட்கார்ந்திருந்தீர்களா நின்றிருந்தீர்களா, அலமாரியிலிருந்து ஏதாவது விழுந்ததா, சுவரில் விரிசல் உண்டா என்று எழுதுங்கள். மேல்மாடியில் ஆட்டம் கூடுதலாகத் தெரியும் என்பதால் மாடி எண் முக்கியம். பக்கத்து ஊரில் உணர்ந்து, உங்களுக்கு ஒன்றுமே தெரியவில்லை என்றால் அதையும் பதியுங்கள். செறிவு வரைபடத்தின் எல்லைக்கோடு அந்தப் பதிவுகளால்தான் துல்லியமாகிறது.