முட்டவும் வேண்டும், ஓடவும் வேண்டும்: டைட் எண்ட் என்ற உடம்பு

2014 கோடையில் அமெரிக்காவில் ஒரு வினோதமான விசாரணை நடந்தது. முறையிட்டவர் நியூ ஆர்லியன்ஸ் செயின்ட்ஸ் என்ற அமெரிக்கக் கால்பந்து அணியின் ஜிம்மி கிரஹாம். கேள்வி இதுதான்: இவர் டைட் எண்ட்டா, அதாவது வரிசையின் முனையில் ஒட்டி நிற்பவரா, இல்லை வைட் ரிசீவரா, அதாவது தள்ளி நின்று ஓடிப் பந்து பிடிப்பவரா? டைட் எண்ட் என்றால் அந்த வருடச் சம்பளம் சுமார் 70 லட்சம் டாலர். வைட் ரிசீவர் என்றால் 1 கோடியே 23 லட்சம். முந்தைய பருவத்தில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு தடவை அவர் வரிசையை விட்டுத் தள்ளி நின்றுதான் ஆடியிருந்தார். ஆனாலும் மத்தியஸ்தர் ஸ்டீபன் பர்பேங்க் அவரை டைட் எண்ட் என்றே முடிவுகட்டினார். வரிசையின் ஓரத்திலிருந்து நாலு யார்டுக்குள் நின்றால் அது டைட் எண்ட் வேலைதானாம். ட்விட்டரில் கிரஹாமே தன்னை டைட் எண்ட் என்று போட்டுக்கொண்டிருந்ததையும் அவர் கவனிக்காமல் விடவில்லை.

இந்தக் குழப்பம் ஏன் வருகிறது என்று புரிய, அமெரிக்கக் கால்பந்தின் ஒரே ஒரு விதி தெரிந்தால் போதும். பந்து வைத்திருக்கும் அணியின் 11 பேரில் குறைந்தது 7 பேர் ஆட்டம் தொடங்கும் கோட்டில் வரிசையாக நிற்க வேண்டும். அந்த வரிசையின் இரண்டு முனைகளில் நிற்பவர்களும் பின்னால் நிற்பவர்களும் மட்டும்தான் எறியும் பந்தைப் பிடிக்கலாம். நடுவில் இருக்கும் ஐந்து பேரும் சுவர் மாதிரி, தடுப்பது மட்டுமே அவர்கள் வேலை. முனையில் நிற்கும் ஆள் தள்ளி நிற்காமல் அந்தச் சுவரை ஒட்டி நெருக்கமாக நின்றால் அவர் டைட் எண்ட். சுவருக்கும் அவரே கடைசிச் செங்கல், பந்து பிடிக்கவும் அவருக்கு உரிமை உண்டு.

சொல்ல எளிது. ஆனால் இந்த இரண்டு வேலைகளும் கேட்கும் உடம்புகள் வேறு வேறு.

முதலில் தடுக்கும் வேலை. எதிரே நிற்கும் டிஃபென்சிவ் எண்ட், அதாவது எதிரணித் தடுப்பு வரிசையின் முனை ஆள், 120, 130 கிலோ இருப்பார். அவரை நகர்த்த பலம் மட்டும் போதாது. தாழ்ந்து போகிறவன் ஜெயிப்பான் என்பது இந்த ஆட்டத்தில் பயிற்சியாளர்கள் தினமும் சொல்லும் வாக்கு. காரணம் நேரடி இயற்பியல். உடம்பின் எடை மையத்துக்கு மேலே நெஞ்சில் தள்ளினால் ஆள் பின்பக்கம் சாய்வான். சாயும்போது அவனுடைய கால் தரையை அழுத்திப் பிடிக்க முடியாது. கபடியில் தொடைக்குக் கீழே பிடித்தவனை உதறுவது ஏன் கஷ்டமோ, இங்கும் அதே கதைதான். அதனால் டைட் எண்ட் முழங்காலை மடக்கி, எதிராளியின் அக்குளுக்கு உள்பக்கமாகக் கையைச் செலுத்தி, இடுப்பை நிமிர்த்தியபடி மேல்நோக்கித் தள்ளுவார். அவர் எவ்வளவு பலசாலியாக இருந்தாலும் காலுக்கும் தரைக்கும் இடையிலான உராய்வு தரும் விசைக்கு மேல் தள்ள முடியாது. அதற்குத்தான் ஆணி பதித்த பூட்ஸ், அதற்குத்தான் இவ்வளவு எடை.

இரண்டாவது வேலை ஓடிப் பிடிப்பது. அங்கே அதே எடை சுமை. ஒரு வைட் ரிசீவரோடு ஓட்டப்பந்தயம் வைத்தால் டைட் எண்ட் தோற்றுவிடுவார். ஆனால் அவர் ஓட வேண்டியது வேறு ஆட்களோடு. அவரைக் காவல் காக்க எதிரணியிடம் இரண்டு வகையினர்தான் உண்டு. தடுப்பு வரிசைக்குச் சற்றுப் பின்னால் நிற்கும் லைன்பேக்கருக்குப் பலம் இருக்கும், இந்த வேகம் இருக்காது. எல்லோருக்கும் பின்னால் நின்று காக்கும் சேஃப்டிக்கு வேகம் இருக்கும், ஆனால் உயரமும் எடையும் குறைவு. புகழ்பெற்ற டைட் எண்ட் ராப் கிராங்கவ்ஸ்கி 198 சென்டிமீட்டர், 120 கிலோ. தொண்ணூறு கிலோ சேஃப்டி ஒருவர் அவர் பக்கத்தில் நின்றாலே விடை தெரிந்துவிடும்.

இதோடு ஒரு ஏமாற்றும் இருக்கிறது, எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். டைட் எண்ட் முதல் நொடியில் தடுக்கப்போகிறவர் போலவே குனிந்து முட்டுவார். லைன்பேக்கர் அதை நம்பி இரண்டு எட்டு முன்னே வருவார். தப்பு என்று மூளை கண்டுபிடிக்க ஒரு கணம், கால் நின்று திரும்ப இன்னொரு கணம், ஆக அரை நொடி போய்விடும். நொடிக்கு 8 மீட்டர் வேகத்தில் ஓடுகிறவருக்கு அரை நொடி என்பது 4 மீட்டர். பந்தை எறியும் குவாட்டர்பேக்குக்கு அதில் பாதி இடைவெளியே தாராளம். ஒழுங்காகத் தடுக்கத் தெரிந்த ஆள்தான் இப்படிப் பொய்யாகத் தடுக்க முடியும். முட்டத் தெரியாதவன் முட்டுவதுபோல நடித்தால் யார் நம்புவார்கள்?

பந்து வந்த பிறகு நடப்பது கிட்டத்தட்ட கூடைப்பந்து. கூடைப்பந்தில் ரீபவுண்ட் எடுப்பவர் எதிராளியை முதுகுக்குப் பின்னால் அடைத்துவிட்டுப் பந்துக்குத் தாவுவார். இங்கும் முதுகு ஒரு கதவு. ஆன்டோனியோ கேட்ஸ் கல்லூரியில் கால்பந்தே ஆடவில்லை. கென்ட் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் கூடைப்பந்து மட்டும்தான். அணிகள் கல்லூரி வீரர்களை முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் வருடாந்திரத் தேர்வில், 2003-இல் எந்த அணியும் தேர்ந்தெடுக்காத ஆளாக உள்ளே வந்து 116 டச்டவுன்களோடு (பந்தோடு எதிரணியின் எல்லைக்கோட்டைத் தாண்டிப் புள்ளி எடுப்பது) ஓய்வு பெற்றார். கிரஹாமும் கூடைப்பந்திலிருந்து வந்தவர்தான்.

சரி, விலை என்ன? அதைக் கிராங்கவ்ஸ்கியின் உடம்பிலேயே படிக்கலாம்.

2010-இல் அந்தத் தேர்வில் நியூ இங்கிலாந்து பேட்ரியட்ஸ் அணி அவரை 42-ஆவது ஆளாகத் தேர்ந்தெடுத்தது. அவ்வளவு கீழே போனதற்குக் காரணம் முதுகு. அரிசோனா பல்கலைக்கழகத்தில் இருந்தபோது அறுவை சிகிச்சையால் 2009 பருவம் முழுவதையும் இழந்திருந்தார். அணிக்குத் தேர்வான அடுத்த வருடமே, 2011-இல், 17 டச்டவுன் பாஸ்களைப் பிடித்து டைட் எண்ட்களின் சாதனையை முறியடித்தார். அப்புறம் 2012 நவம்பரில் முன்கை முறிந்தது. எப்போது என்று கேட்டால் சிரிப்பதா அழுவதா தெரியாது: 59-24 என்று முடிந்த ஆட்டத்தில், கடைசி டச்டவுனுக்குப் பிறகு போனஸ் புள்ளிக்காகப் பந்தை உதைக்கும்போது, தடுத்துக்கொண்டு நின்ற இடத்தில். சில வாரங்களில் திரும்பி வந்தார், 2013 ஜனவரியில் அதே கை மறுபடி முறிந்தது. முறிந்த எலும்பில் உலோகத் தகடு வைத்தால் தகடு உள்ள பகுதி விறைப்பாகிவிடும். வளைக்கும் விசை தகடு முடியும் விளிம்பில் போய்க் குவியும். எலும்பு முழுதாகக் கூடும் முன் முட்டுவது அதனால்தான் ஆபத்து.

அந்த வருடமே மறுபடி முதுகு. குனிந்த நிலையில் தள்ளும்போது கீழ்முதுகு எலும்புகளுக்கு இடையிலுள்ள வட்டுகள் ஒரு பக்கமாக நசுங்கும். அவற்றுக்கு ரத்த ஓட்டம் மிகக் குறைவு, அதனால் காயம் மெதுவாகத்தான் ஆறும், சில சமயம் ஆறவே ஆறாது. அவருக்கு 2016-இலும் முதுகில் கத்தி வைத்தார்கள்.

முழங்கால் கதை 2013 டிசம்பரில், கிளீவ்லாண்ட் அணிக்கு எதிரான ஆட்டத்தில். இங்கேதான் அவருடைய பலமே அவருக்கு எதிராகத் திரும்பியது. ஓடும் 120 கிலோவை நெஞ்சில் மோதி நிறுத்தப் பார்க்கும் சேஃப்டியை அவர் முதுகில் சுமந்துகொண்டே நாலு யார்டு போவார். தலையில் இடித்தால் தண்டனை, அபராதம். மிச்சம் இருப்பது கால். பூட்ஸ் புல்லில் குத்தி நிற்கும் நேரத்தில் ஹெல்மெட் பக்கவாட்டில் வந்து மோதினால், பாதம் விலகிக் கொடுக்க வழியில்லை. முழங்காலின் உள்பக்கத் தசைநாரும், மூட்டு நடுவே முழங்காலுக்குக் கீழுள்ள எலும்பை முன்னே நழுவாமல் பிடித்திருக்கும் தசைநாரும் அறுந்தன. அடுத்த பருவத்தில் திரும்பி வந்து 12 டச்டவுன் அடித்தார் என்பது இன்றும் எனக்கு ஆச்சரியம்தான்.

எல்லோருக்கும் இப்படி ஆவதில்லை. டோனி கொன்சாலஸ் என்ற டைட் எண்ட் 17 பருவங்களில் தவறவிட்டது இரண்டே ஆட்டங்கள். ஆனால் அவருடைய பெயர் நின்றது 1,325 பந்துகளைப் பிடித்ததற்காக, முட்டியதற்காக அல்ல. அதிர்ஷ்டத்துக்கும் பங்கு உண்டு, அதை மறுக்க முடியாது.

2019 பிப்ரவரியில் நடந்த சூப்பர் பவுலில், அதாவது பருவத்தின் இறுதி ஆட்டத்தில், கடைசிக் கால்பகுதி வரை இரண்டு அணியும் ஒரு டச்டவுன்கூட அடிக்கவில்லை. அப்போது பேட்ரியட்ஸின் குவாட்டர்பேக் டாம் பிரேடி எறிந்த 29 யார்டு பந்தைக் கிராங்கவ்ஸ்கி விழுந்து பிடித்தார். கோட்டுக்கு 2 யார்டு மிச்சம். அடுத்த முயற்சியில் அந்த ஆட்டத்தின் ஒரே டச்டவுன் வந்தது, பேட்ரியட்ஸ் 13-3 என்று ஜெயித்தது. அதே ஆட்டத்தில் தொடையில் ஓர் அடி. தசைக்குள் கசிந்த ரத்தத்தைப் பிறகு கொஞ்சம் கொஞ்சமாக எடுத்தார்கள், மொத்தம் ஒரு லிட்டர். கோப்பை வென்ற இரவில் ஐந்து நிமிடம்தான் தூங்கினேன், படுக்கையில் அழுதேன் என்று சில மாதம் கழித்து அவரே சொன்னார். மார்ச்சில் ஓய்வை அறிவித்தார், அப்போது வயது 29.

ஒரு வருடம் உடம்புக்கு ஓய்வு கொடுத்துவிட்டு 2020-இல் டாம்பா பே அணிக்குத் திரும்பினார். இரண்டாவது ஆட்டத்தில் அவர் ஒரு பந்தைக்கூடப் பிடிக்கவில்லை, முட்டிக்கொண்டுதான் இருந்தார். அந்தப் பருவத்தின் சூப்பர் பவுலில் அவருடைய அணி அடித்த முதல் இரண்டு டச்டவுனும் அவருடையவை.