ஸ்பைருலினா: சுருள்பாசி

லத்தீனில் 'ஸ்பைரா' என்றால் சுருள். அதன் வழியில் வந்த 'ஸ்பைருலினா'வைச் சின்னஞ்சிறு சுருள் எனலாம். அந்தப் பெயரில் சத்துப்பொடியாக விற்கப்படும் நீர்வாழ் நுண்ணுயிரை வகைப்பாட்டியலார் ஆர்த்ரோஸ்பைரா என்றார்கள்; 2019இல் லிம்னோஸ்பைரா என்றும் பெயர் மாற்றினார்கள். கடைப்பெயர் மட்டும் மாறவில்லை.

தமிழில் சுருள்பாசி. சுருண்ட, சுருள்கின்ற, சுருளும் பாசி என முக்காலமும் அடங்குவதால் வினைத்தொகை. ஆகவே 'சுருட்பாசி' எனத் திரிய வேண்டியதில்லை. இது பாக்டீரியா இனம், பாசி என்பது பிழை என்று சிலர் திருத்துவார்கள். 'பாசி' பசுமையோடு உறவுடைய பழஞ்சொல். நீரில் பச்சையாகப் படர்வதையெல்லாம் குறிக்கும். அந்தத் திருத்தம் தேவையற்றது.

உலர்பொடியில் 55 முதல் 70 விழுக்காடு புரதம். இன்றியமையா அமினோ அமிலங்கள் அனைத்தும் உண்டு. முட்டையோடு ஒப்பிட்டால் மெத்தியோனினும் லைசினும் குறைவு. செல்சுவரில் செல்லுலோஸ் இல்லாததால் எளிதில் செரிக்கும். குளோரெல்லா என்னும் பச்சைப்பாசிக்கோ சுவரை உடைத்தாக வேண்டும். ஆனால் செறிவூட்டிய உணவில் 5 கிராம் பொடி சேர்த்தால் கிடைப்பது ஏறக்குறைய 3 கிராம் புரதம்தான். விளம்பரங்களை இந்தக் கணக்கோடு படிப்பது நல்லது.

வளர்ப்புக்கு சாரூக் எனப்படும் ஊட்டக் கரைசலே அடிப்படை: லிட்டருக்கு 16.8 கிராம் சோடியம் பைகார்பனேட், 2.5 கிராம் சோடியம் நைட்ரேட், அரை கிராம் டைபொட்டாசியம் பாஸ்பேட், சிறிதளவு மக்னீசியம், இரும்பு உப்புகள். தொட்டியில் 15–20 செ.மீ. ஆழம், 30–35 டிகிரி வெப்பம், ஓயாத கலக்கல். காரத்தன்மை பிஎச் 9.5க்குக் கீழே இறங்கினால் பிற பாசிகள் புகும். புதிதாக விதைத்த நீர்த்த கரைசலை நேர்வெயிலில் விட்டால் வெளிறிச் சாகும்; அடர்த்தி ஏறும்வரை நிழல்வலை வேண்டும். உலர்த்தும் வெப்பம் 60 டிகிரியைத் தாண்டினால் நீலநிறமி சிதையும்.

'சுருள்' வெறும் பெயரல்ல என்பது அறுவடையில் தெரியும். இழையின் தடிமன் 10 மைக்ரான் அளவே. சுருண்டிருப்பதால்தான் 30–50 மைக்ரான் வடிதுணியில் நிற்கிறது. சில இழைகள் நிமிர்ந்துவிடும். அவை துணியில் நழுவி, வடித்த நீரோடு தொட்டிக்கே திரும்பும். ஒவ்வொரு வடிப்பிலும் சுருண்டவை வெளியேற, நிமிர்ந்தவை பெருகும். தொட்டி கரும்பச்சையாக இருந்தும் துணியில் ஒன்றும் தேறாது. வாரம் ஒருமுறை நுண்ணோக்கியில் ஒரு துளியைப் பாருங்கள். நேர்கோடுகள் மிகுந்தால் தொட்டியைக் காலிசெய்து கழுவி, சுருள் மாறாத விதைப்பாசியிலிருந்து மீண்டும் தொடங்க வேண்டும்.