ஒரே இரவில் ஏறும் எடை கொழுப்பு அன்று

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் நான் பணியாற்றும் கிளினிக்கிற்கு அண்மையில் ஓர் அம்மையாரைக் கைத்தாங்கலாக அழைத்து வந்தார்கள். உடல் வியர்த்திருந்தது, கைகள் நடுங்கின, பேச்சு குழறியது. இரத்தச் சர்க்கரை 2.8 மில்லிமோலுக்கு இறங்கியிருந்தது. கோயில் திருவிழாவில் அன்னதானம் சாப்பிட்ட மறுநாள் தராசு ஒன்றரை கிலோ கூடுதலாகக் காட்டியதால், அதைக் குறைத்தே தீருவதென்று பட்டினி கிடந்திருக்கிறார். இனிப்பு நீருக்கான கிளிக்ளாசைட் மாத்திரையை மட்டும் தவறாமல் விழுங்கியிருக்கிறார். இது ஒருவரோடு நின்றிருந்தால் இதை எழுத வேண்டிய தேவை எனக்கு வந்திராது. கிளிக்ளாசைட் போன்ற மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள், மருந்தின் அளவை மருத்துவரிடம் மாற்றிக்கொள்ளாமல் ஒரு வேளை உணவைக்கூட விடக் கூடாது.

தோட்டத்திலிருந்து வருபவர்களும் டவுனில் கடை வைத்திருப்பவர்களும் ஒரே மாதிரி நம்புவது, நேற்றுச் சாப்பிட்டது இன்று கொழுப்பாகிவிட்டது என்பதைத்தான். தயவுசெய்து கணக்குப் போட்டுப் பாருங்கள். உடலில் ஒரு கிலோ கொழுப்பு சேர, அன்றாடத் தேவைக்கு மேல் ஏறத்தாழ 7,700 கலோரி உள்ளே போக வேண்டும். ஒரு ரொட்டி சானாய் சுமார் 300 கலோரி என்றால், வழக்கமான மூன்று வேளைச் சாப்பாட்டையும் முடித்துவிட்டு, அதற்கும் மேல் இருபத்தைந்து ரொட்டி சானாய் சாப்பிட்டால்தான் ஒரு கிலோ கொழுப்பு. ஒரு திருமண விருந்தில் யாராலும் அவ்வளவு சாப்பிட முடியாது.

அப்படியென்றால் தராசில் ஏறியது என்ன? பெரும்பகுதி நீர், மிச்சம் இன்னும் வெளியேறாத உணவு. தசையிலும் கல்லீரலிலும் ஏறத்தாழ அரை கிலோ வரை மாவுச்சத்து சேமிப்பாக இருக்கும். அதன் ஒவ்வொரு கிராமும் சுமார் மூன்று கிராம் நீரைத் தன்னோடு பிடித்து வைத்துக்கொள்ளும். உப்பும் அப்படித்தான். மருத்துவமனையில் நாங்கள் ஏற்றும் ஒரு லிட்டர் சேலைனில் 9 கிராம் உப்பு இருக்கிறது. உடலின் உப்பும் நீரும் ஏறக்குறைய அதே விகிதத்தில்தான் நிற்கின்றன. ஆகவே கருவாட்டுக் குழம்பும் ஊறுகாயும் உடனடி மீயும் கூடிய நாளுக்கு அடுத்த காலையில் அரை கிலோ, முக்கால் கிலோ ஏறியிருப்பது இயற்கை; இரண்டு மூன்று நாளில் அது சிறுநீராகப் போய்விடும். மாதவிடாய்க்கு முந்திய நாள்களிலும், புதிதாக உடற்பயிற்சி தொடங்கித் தசை வலிக்கும் வாரத்திலும், மலச்சிக்கலின்போதும் இதேதான் நடக்கும்.

இந்த உண்மை மறுபக்கமும் பொருந்தும் என்பதை நம்மவர்கள் கேட்க விரும்புவதில்லை. சோற்றை நிறுத்திய முதல் வாரத்தில் இறங்கும் மூன்று கிலோவில் கொழுப்பின் பங்கு சிறிது, நீரின் பங்கே பெரிது. பாசார் மாலாமிலும் கைப்பேசி வழியாகவும் மெலியும் காப்பியும் கேப்சூலும் விற்பவர்கள் பிழைப்பதே இந்த மூன்று கிலோவை வைத்துத்தான். அவற்றுள் சிலவற்றில் சிபுட்ராமின் கலந்திருப்பதாக நம் சுகாதார அமைச்சு பலமுறை எச்சரித்துள்ளது. மாரடைப்பு, பக்கவாத அபாயத்தைக் கூட்டுவதால் 2010-இல் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் சந்தையிலிருந்து அகற்றப்பட்ட மருந்து அது. வாங்காதீர்கள், ஏற்கெனவே வாங்கியிருந்தால் நிறுத்திவிட்டு, பெட்டியோடு கொண்டுவந்து காட்டுங்கள். நாங்கள் திட்ட மாட்டோம். சிறுநீர் போக்கும் மாத்திரையைப் பக்கத்து வீட்டாரிடம் கேட்டு வாங்கி விழுங்குபவர்களை மட்டும் திட்டத்தான் செய்வேன். அந்த மாத்திரை சிறுநீரோடு பொட்டாசியத்தையும் வெளியேற்றிவிடும்; அது குறைந்தால் இதயத் துடிப்பே தடுமாறும்.

எடை பார்ப்பதானால் காலையில் எழுந்து, கழிப்பறைக்குப் போய்விட்டு, பசியாறுவதற்கு முன் பாருங்கள். தராசு பாயின் மேல் இல்லாமல் சிமெண்டுத் தரையில் இருக்கட்டும். கடையில் ஒரு தராசு, மகள் வீட்டில் ஒரு தராசு என்று மாற்றாதீர்கள். ஏழு நாள் எடையைக் கூட்டி ஏழால் வகுத்து, அந்தச் சராசரியைச் சென்ற வாரச் சராசரியோடு ஒப்பிடுங்கள். பெண்கள் சென்ற மாதத்தின் அதே வாரத்தோடு ஒப்பிடுவது இன்னும் சரி. வாரத்துக்கு அரை கிலோ இறங்கினாலே நல்ல வேகம். தினமும் எண்ணைப் பார்த்து மனம் உடைபவர்கள் வாரம் ஒரு முறை பார்த்தால் போதும். இடுப்பையும் அளந்து எழுதுங்கள். ஆண்களுக்கு 90 சென்டிமீட்டருக்குள்ளும் பெண்களுக்கு 80-க்குள்ளும் இருப்பது நல்லது.

எல்லா நீர் எடையையும் பொறுத்துக்கொண்டு இருக்கவும் கூடாது. இதய நோயோ சிறுநீரக நோயோ உள்ளவர்களுக்கு மூன்று நாளில் இரண்டு கிலோவுக்கு மேல் ஏறினாலோ, கணுக்காலை அழுத்திய இடம் குழியாக நின்றாலோ, படுத்தால் மூச்சு முட்டினாலோ, திருவிழாச் சாப்பாட்டின் மேல் பழியைப் போட்டுக் காத்திராமல் அன்றே மருத்துவரைப் பாருங்கள். எடை எழுதிய தாளையும் கையோடு கொண்டு வாருங்கள். எந்த நாளிலிருந்து ஏறத் தொடங்கியது என்று தெரிந்தால், மருந்தை முடிவு செய்வது எங்களுக்கு மிகவும் எளிதாகும்.