டிரவுட் பிடிக்கக் கிளம்பும் முன் உங்கள் ஃபிளை பெட்டியைத் திறந்து பாருங்கள்

காரைக்குடியில் உட்கார்ந்து டிரவுட் மீனுக்கு ஃபிளை கட்டிக் கொடுப்பதும், கட்டச் சொல்லித் தருவதும் என் தொழில். தூண்டில் முள்ளில் நூல், இறகு, கம்பி சுற்றிப் பூச்சி மாதிரி கட்டும் போலி இரைதான் ஃபிளை. நம்மூர்க் கண்மாயில் டிரவுட் இருக்கவே முடியாது. அது குளிர்ந்த தண்ணீர் மீன். ஆனால் லீவுக்கு நீலகிரி, மூணாறு என்று தூண்டிலோடு கிளம்புகிறவர்கள் இங்கே இருக்கிறார்கள். வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் வைஸும் (கட்டும்போது முள்ளைப் பிடித்துக்கொள்ளும் கருவி) முள்ளும் வாங்கி அனுப்பிவிடுகிறார்கள். கோடை முடிந்ததும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வருவார்கள். "அண்ணே, ஒண்ணுகூடத் தொடலை."

போன வாரம் தேவகோட்டையிலிருந்து ஒரு தம்பி வந்தார். அந்தப் பெட்டியைப் பார்த்த பிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை. மாதக்கணக்கில் ராத்திரி உட்கார்ந்து கட்டியிருக்கிறார், கை சுத்தமான வேலை. ஆனால் ஏறக்குறைய எல்லாமே மிதக்கிற ஃபிளை, எல்லாமே 10, 12 நம்பர், அதாவது பெரிய முள். தண்ணீருக்குள் இறங்க வேண்டியவை நாலைந்துதான். அவற்றின் தலையிலும் ஆரி வேலைக் கடையில் வாங்கிய தங்க நிற பிளாஸ்டிக் மணி. ஒன்றை நனைத்து, கண்ணாடி டம்ளரில் போட்டேன். மணி மேலே, வால் கீழே, செங்குத்தாக நின்றுகொண்டு மெல்ல மெல்ல இறங்குகிறது. இதை வைத்துக்கொண்டு ஓடையில் இரண்டு நாள் நின்றிருக்கிறார்.

எல்லோரும் சொல்லிவைத்தாற்போல் ஒரே தப்பைத்தான் செய்கிறார்கள். பூச்சியைத் தத்ரூபமாகக் கட்டிவிட்டால் மீன் கடித்துவிடும் என்று நம்புகிறார்கள். கண், ஆறு கால், இறக்கையில் நரம்பு எல்லாம் வைக்கிறார்கள். வீடியோவில் பார்க்க அழகாக இருக்கும். மீன் உங்கள் ஃபிளையை மேலேயிருந்து கையில் வைத்துப் பார்ப்பதில்லை. கீழேயிருந்து, வெளிச்சத்துக்கு எதிராக, ஓடுகிற தண்ணீரில், கண்ணிமைக்கும் நேரம் பார்க்கிறது. அதற்குத் தெரிவது அளவு, உருவம், எந்த ஆழத்தில் எப்படி வருகிறது என்பது. நிறம் அதற்கு அப்புறம்தான்.

ஃபிரான்க் சாயர் என்று இங்கிலாந்தில் ஒருவர் இருந்தார். வில்ட்ஷயரில் ஏவன் ஆற்றைக் காத்துப் பராமரிப்பதுதான் அவர் வேலை. தண்ணீருக்குள் வாழும், இன்னும் இறக்கை முளைக்காத பூச்சியை நிம்ஃப் என்பார்கள்; அதைப் போலக் கட்டும் ஃபிளைக்கும் அதே பெயர். அவர் கட்டிய ஃபெசன்ட் டெயில் நிம்ஃபில் செம்புக் கம்பியும் ஃபெசன்ட் பறவையின் வால் இறகு இழையும் மட்டும்தான். நூல்கூடக் கிடையாது. காலும் வைக்கவில்லை, ஏனென்றால் நீந்துகிற நிம்ஃப் காலை உடம்போடு ஒட்டி மடக்கிக்கொள்ளும் என்பதைத் தண்ணீரில் பார்த்தவர் அவர். ஆடம்ஸ் என்கிற ஃபிளை 1922இல் அமெரிக்காவின் மிச்சிகனில் லென் ஹாலடே கட்டியது. சாம்பலும் பழுப்புமாக, எந்தப் பூச்சி என்று குறிப்பாகச் சொல்ல முடியாதபடி இருக்கும். இன்றைக்கும் உலகம் பூராவும் ஓடுகிறது. ஆறு கால் வைத்துக் கட்டியவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

இன்னொன்று. டிரவுட் தின்பதில் பெரும்பகுதி தண்ணீருக்கு அடியில்தான். மேஃபிளை என்கிற பூச்சி மாதக்கணக்கில் தண்ணீருக்குள் நிம்ஃபாக இருந்துவிட்டு, இறக்கை முளைத்து வெளியே வந்தால் பெரும்பாலும் ஓரிரு நாள்தான் தாங்கும். அப்படியிருக்க, பெட்டி முழுக்க இறக்கை முளைத்ததையே அடுக்கினால் எப்படி?

சரி, எதைக் கட்டுவது? ஃபெசன்ட் டெயில் நிம்ஃப், 14, 16, 18 நம்பர் முள்ளில் கட்டுங்கள். நம்பர் ஏற ஏற முள் சின்னதாகும், இதை மாற்றிப் புரிந்துகொண்டு முள் வாங்குகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஒவ்வொரு அளவிலும் கனமானது கொஞ்சம், லேசானது கொஞ்சம். ஒரே பேட்டர்ன் (ஃபிளை கட்டும் மாதிரி) இரண்டு எடையில் இருந்தால் இரண்டு ஆழத்துக்கு ஆயிற்று. செம்புக் கம்பிக்கு இணையத்தில் காசைக் கொட்டாதீர்கள், மோட்டாருக்குக் காயில் கட்டும் கடையில் கேட்டால் மெல்லிய கம்பி கிடைக்கும். மணி வைப்பதானால் பித்தளை, இல்லாவிட்டால் டங்ஸ்டன். மிதப்பதற்கு ஆடம்ஸ் 14, 16 போதும். ஏரியில் போடுவதானால் கறுப்பிலும் கரும்பச்சையிலும் வூலி பக்கர் என்கிற, நீளமாக ஆடும் வால் வைத்த ஃபிளை, 8 அல்லது 10. அதன் வாலுக்கு மாராபூ என்கிற பஞ்சு போன்ற இறகு இல்லையென்றால், நாட்டுக்கோழி இறகின் அடியில் இருக்கும் பஞ்சு போன்ற பகுதி நன்றாகவே ஆடும். கழுத்தில் சுற்ற நாட்டுச் சேவலின் பிடரி இறகு. மழை பெய்து தண்ணீர் கலங்கியிருந்தால் பெரியதும் கறுப்புமாகப் போடுங்கள். நீலகிரிக்கு ஒரு பெட்டிக்கு இவ்வளவுதான். இருபது பேட்டர்னில் ஒவ்வொன்று கட்டுவதைவிட, இந்த மூன்று பேட்டர்னை அளவு மாற்றி, எடை மாற்றிக் கட்டுங்கள்.

இறகு விஷயத்தில் கண்டிப்பாகவே சொல்கிறேன். நம் பக்கம் மயில் ஏராளம். தானாக உதிர்ந்த தோகையைப் பொறுக்கி வைத்துக்கொள்ளுங்கள், தப்பில்லை. "அண்ணே, பிடுங்கின தோகை இருக்கு, வேணுமா" என்று என் கடை வாசலுக்கு யாரும் வர வேண்டாம். மயிலைக் கொல்வது 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். பழைய பேட்டர்ன்களில் வரும் சாம்பல் காட்டுக்கோழி இறகும், மான் முடி, கடமான் முடியும் அப்படித்தான். எல்க் (வெளிநாட்டுப் பெரிய மான்) முடி என்று எழுதியிருக்கிறதே என்று காட்டுப் பக்கம் ஆள் விடாதீர்கள். அந்த ஃபிளை இல்லாமலே மீன் கிடைக்கும்.

முள் முனைக்குக் கீழே பின்பக்கமாக நீட்டிக்கொண்டிருக்கும் குட்டி முள்ளைக் குறடால் நசுக்கிவிட்டுக் கட்டுங்கள். கட்டிய பிறகு நசுக்கினால், முள் ஒடியும்போது உங்கள் வேலையும் சேர்ந்து போகும். நசுக்கிய முள் மீன் வாயிலிருந்தும் உங்கள் காதிலிருந்தும் சுலபமாக வந்துவிடும். வீசும்போது கண்ணாடி போடாமல் நிற்கவே நிற்காதீர்கள்.

வீசிப் பழகக் கண்மாய்க்குப் போவது நல்லதுதான், சின்னக் கெண்டை நிம்ஃபைக் கடிக்கும். மீன் ஏலம் எடுத்தவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். குடிதண்ணீர் ஊருணியில் மட்டும் தயவுசெய்து வேண்டாம். அறுந்து விழுகிற முள், படித்துறையில் இறங்குகிற யாரோ ஒரு பிள்ளையின் காலில்தான் ஏறும்.

நீலகிரியில் டிரவுட் தானாக வந்த மீன் அல்ல, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எச்.சி. வில்சன் என்கிற மீன் வளர்ப்பு நிபுணர் பாடுபட்டு வளர்த்து விட்டது. பல நீர்நிலைகள் காப்புக்காட்டுக்குள் இருக்கின்றன. மீன்வளத் துறையிடமும் வனத் துறையிடமும் அனுமதி கேட்காமல் பெட்டியைத் தூக்காதீர்கள். பிடித்ததைத் திரும்ப விடுவதானால் கையை நனைத்துக்கொண்டு தொடுங்கள்.

அடுத்த தடவை என்னிடம் கேட்கும்போது ஃபிளை படத்தை அனுப்பி "இது ஓடுமா" என்று கேட்காதீர்கள். எந்த மாதம் போகிறீர்கள், ஓடையா ஏரியா, தண்ணீர் எவ்வளவு ஆழம் என்று எழுதுங்கள். எந்த நம்பர் முள், எவ்வளவு எடை என்று அன்றைக்கே பதில் போடுகிறேன்.