கேரளத்தில் 70,000, பீகாரில் 12,000: இறப்பு விகிதத்தை எப்படி வாசிப்பது?

வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "கொரோனாவில் கேரளத்தில் 70,000 பேருக்கு மேல் இறந்ததாக அரசுக் கணக்கு சொல்கிறது. பீகாரில் 12,000 சொச்சம்தான். மருத்துவ வசதிக்குப் பேர்போன மாநிலத்தில் இத்தனை சாவு, வசதி குறைந்த மாநிலத்தில் இவ்வளவு குறைவு. யார் நன்றாகச் சமாளித்தார்கள்?"

கேள்வி புதிதல்ல. 2021 ஆகஸ்டில் நாட்டின் அன்றாடத் தொற்றில் பாதிக்கு மேல் கேரளத்திலிருந்து வந்தபோது இதே கேள்வியை வைத்துத் தொலைக்காட்சிகளில் மாலைதோறும் அடிதடி நடந்தது. ஒரு தரப்பு கேரள மாதிரி கவிழ்ந்துவிட்டது என்றது. மறுதரப்பு வடமாநிலங்கள் பிணங்களை மறைக்கின்றன என்றது. இரண்டு தரப்புக்கும் கையில் இருந்தது ஒரே எண்தான். அந்த எண் எப்படி உருவாகிறது என்று மட்டும் யாரும் கேட்கவில்லை.

முதலில் எளிய வகுத்தல். கேரளத்தின் மக்கள்தொகை சுமார் மூன்றரைக் கோடி. லட்சம் பேருக்கு ஏறக்குறைய 200 இறப்பு. பீகாரில் 12 கோடிக்கு மேல். லட்சத்துக்குச் சுமார் 10. ஆக, வித்தியாசம் 20 மடங்கு. பரிசோதனையில் உறுதியானவர்களில் எத்தனை பேர் இறந்தார்கள் என்பது ஒரு விகிதம், தொற்றிய அனைவரிலும் எத்தனை பேர் என்பது வேறொரு விகிதம், மொத்த மக்கள்தொகையில் எத்தனை பேர் என்பது மூன்றாவது. தொலைக்காட்சிச் சண்டையில் இம்மூன்றும் இடம் மாறிக்கொண்டே இருக்கும். இது பள்ளிக் கணக்குதான், கடந்துவிடலாம். எனக்குப் பிடித்த இடம் அடுத்து வருகிறது.

கொரோனா வயது பார்த்துக் கொன்றது. அது எல்லோருக்கும் தெரியும்; எவ்வளவு செங்குத்தாக என்பதுதான் பலருக்குத் தெரியாது. 2020இல் பல நாடுகளின் ஆய்வுகளைத் திரட்டிச் செய்த ஒரு பகுப்பாய்வின்படி, தடுப்பூசி வருவதற்கு முன்பு, தொற்றிய 25 வயதுக்காரர்களில் 10,000 பேருக்கு ஒருவர் இறந்தார். 55 வயதில் 1,000 பேருக்கு 4 பேர். 65இல் 14 பேர். 75இல் 46 பேர். 85இல் 150 பேர். அதாவது 25 வயதுக்காரரைவிட 75 வயதுக்காரருக்கு ஆபத்து 460 மடங்கு. 50 ஆண்டுகளில் 460 மடங்கு என்றால், சுமார் ஐந்தரை ஆண்டுக்கு ஒருமுறை ஆபத்து இரட்டிப்பாகிறது. சாதாரணக் காலத்திலும் மனிதனின் சாவு அபாயம் இப்படித்தான் ஏறுகிறது என்று 1825இலேயே பெஞ்சமின் கோம்பர்ட்ஸ் என்ற ஆங்கிலேயக் கணிதர், காப்பீட்டுத் தேவைக்காகக் கண்டுபிடித்துவைத்தார். அங்கே இரட்டிப்பாக எட்டு ஆண்டு போல ஆகும். கொரோனா அதே ஏணியில், கொஞ்சம் செங்குத்தாக ஏறியது. எல்லாக் கொள்ளைநோயும் இப்படி நடந்துகொள்வதில்லை. 1918இன் ஃப்ளூ இருபது, முப்பது வயதுக்காரர்களையே தேடித் தேடிக் கொன்றது.

ஏணி இவ்வளவு செங்குத்தாக இருந்தால் என்ன நடக்கும்? இரண்டு கற்பனைப் பகுதிகளை எடுத்துக்கொள்வோம். இளையோர் மிகுந்த பகுதிக்கு இளம்பூர் என்றும் முதியோர் மிகுந்த பகுதிக்கு முதுவூர் என்றும் பெயர் வைக்கலாம். இரண்டிலும் தலா 10,000 பேருக்குத் தொற்று.

இளம்பூரில் தொற்றியவர்களில் 9,000 பேர் 60 வயதுக்குக் கீழே. அவர்களில் 27 பேர் இறக்கிறார்கள். அறுபதைத் தாண்டிய 1,000 பேரில் 60 பேர் இறக்கிறார்கள். மொத்தம் 87.

முதுவூரில் 60 வயதுக்குக் கீழே 6,000 பேர், இறப்பு 12. அறுபதைத் தாண்டியவர்கள் 4,000 பேர்; இறப்பு 160. மொத்தம் 172.

மொத்தத்தைப் பார்த்தால் முதுவூரில் சாவு இரு மடங்கு. சுகாதார அமைச்சர் பதவி விலகவேண்டும் என்று கோஷம் கிளம்பும். ஆனால் ஒவ்வொரு பிரிவையும் தனித்தனியே பாருங்கள். இளையோரில் இளம்பூரின் விகிதம் 0.3 சதவீதம், முதுவூரில் 0.2. முதியோரில் இளம்பூரில் 6 சதவீதம், முதுவூரில் 4. நீங்கள் இளைஞரானாலும் கிழவரானாலும் முதுவூரில் நோயுறுவதே நல்லது. இரண்டு பிரிவிலும் தோற்ற இளம்பூர், மொத்தக் கணக்கில் ஜெயித்துவிட்டது!

இதற்குச் சிம்ப்சன் முரண் என்று பெயர். 1951இல் எட்வர்ட் சிம்ப்சன் என்ற பிரிட்டிஷ் புள்ளியியலாளர் இதைப் பற்றி எழுதினார். அவருக்கு அரை நூற்றாண்டு முன்பே யூல் என்ற இன்னொரு பிரிட்டிஷ் புள்ளியியலாளர் இதைக் கவனித்திருக்கிறார். கரும்பலகைக் கணக்கு என்று ஒதுக்கிவிட முடியாது. 2020 பிப்ரவரியில் சீனா வெளியிட்ட தரவையும் மார்ச் 9 வரையிலான இத்தாலியின் தரவையும் ஆய்வாளர்கள் அருகருகே வைத்துப் பார்த்தார்கள். ஒவ்வொரு வயதுப் பிரிவிலும் இத்தாலியின் விகிதம் சீனாவைவிடக் குறைவு. மொத்த விகிதம் மட்டும் இத்தாலியில் அதிகம். அந்த நாட்களில் இத்தாலிய மருத்துவமனைகளைப் பற்றி உலகம் என்னவெல்லாம் பேசியது என்பதை நினைத்தால் எனக்கு இன்னும் சிரிப்பும் எரிச்சலும் சேர்ந்தே வருகின்றன.

மருந்து எளிது. அதற்கு வயதுச் சீராக்கம் என்று பெயர். இரண்டு பகுதிகளுக்கும் பொதுவாக ஒரு மாதிரி மக்கள்தொகையை எடுத்துக்கொள்ளவேண்டும். 8,000 இளையோர், 2,000 முதியோர் என்று வைப்போம். அந்தந்தப் பகுதியின் வயதுவாரி விகிதத்தை இதன்மீது பொருத்தினால், இளம்பூர் விகிதப்படி 24 உடன் 120 சேர்ந்து 144 இறப்பு. முதுவூர் விகிதப்படி 16 உடன் 80 சேர்ந்து 96. வரிசை தலைகீழானது.

இங்கே ஒரு சந்தேகம் எழவேண்டும். அந்த 8,000, 2,000 என்பதை நானாகத்தானே எடுத்துக்கொண்டேன்? வேறு மாதிரி எடுத்தால் முடிவு மாறாதா? அழகே இதில்தான் இருக்கிறது. ஒரு பகுதி எல்லா வயதுப் பிரிவிலும் மற்றதைவிடக் குறைவாக இருந்தால், எந்த மாதிரியை எடுத்தாலும் அதுவே ஜெயிக்கும். 5,000க்கு 5,000 போடுங்கள், 9,900க்கு 100 போடுங்கள். எண்கள் மாறும், வரிசை மாறாது. ஆனால் ஒரு பகுதி இளையோரில் நன்றாகவும் முதியோரில் மோசமாகவும் செய்திருந்தால் கதை வேறு. அப்போது எந்த மாதிரியைத் தேர்ந்தெடுக்கிறோமோ அதைப் பொறுத்து வெற்றியாளர் மாறுவார். சூழ்ச்சிக்காரப் புள்ளிவிவரக்காரருக்கு அங்கே நல்ல வேட்டை. ஆகவே "வயதுக்கேற்பச் சீராக்கிய விகிதம்" என்று யாராவது ஒரே ஒரு எண்ணை நீட்டினால், வயதுவாரி அட்டவணையையும் சேர்த்துக் கேளுங்கள்.

இனி கேரளத்துக்கு வருவோம். 2021க்கான கணிப்பின்படி கேரளத்தில் 60 வயதைத் தாண்டியவர்கள் 16.5 சதவீதம், பீகாரில் 7.7. இரு மடங்குக்கு மேல். எண்பதைத் தாண்டியவர்களும் கேரளத்தில் அதிகம் என்பதால், வயதின் பங்கைத் தாராளமாக மூன்று மடங்கு என்றே வைத்துக்கொள்வோம். விளக்கவேண்டியது 20 மடங்கு. இன்னும் ஏழு மடங்கு பாக்கி இருக்கிறது.

வயதைச் சொல்லி எல்லாவற்றையும் மூடி மறைக்கவும் முடியாது. உலகின் மிக முதிய நாடுகளில் ஒன்றான ஜப்பானில், பெருந்தொற்றின் முதல் ஆண்டான 2020இல் மொத்த இறப்புகள் முந்தைய ஆண்டைவிடக் குறைந்தன. இன்னொரு பக்கம், அந்த ஏணியே ஊருக்கு ஊர் சற்று வேறுபடும். தமிழகத்திலும் ஆந்திரத்திலும் தொடர்பறிதல் பணியாளர்கள் (தொற்றியவரோடு பழகியவர்களைத் தேடிக் கண்டுபிடிப்பவர்கள்) திரட்டிய, 5,75,000க்கும் அதிகமானோர் பற்றிய தரவை வைத்து 2020இல் ஓர் ஆய்வு வந்தது. பணக்கார நாடுகளைவிட இங்கே நடுத்தர வயது இறப்புகளின் பங்கு அதிகம் என்று அது காட்டியது. மருத்துவமனையில் சேர்ந்து இறந்தவர்களில் பாதிப் பேர் ஆறு நாட்களுக்குள் இறந்தார்கள். அமெரிக்காவில் அது 13 நாட்கள். தாமதமாகச் சேர்ந்ததற்கான அடையாளமாக இருக்கலாம். அந்தத் தரவைத் திரட்டியவர்கள் வீடுவீடாகப் போன சுகாதாரப் பணியாளர்கள். இந்தியாவிலிருந்து உலகம் கற்றுக்கொண்ட மிகச் சிறந்த பாடங்களில் ஒன்று அவர்கள் கையால் எழுதப்பட்டது.

பாக்கி ஏழு மடங்குக்கு ஒரு துப்பு இருக்கிறது. 2021 ஜூன், ஜூலையில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நான்காவது முறையாக ரத்த மாதிரி ஆய்வு நடத்தியது. நாடு முழுவதும் 67.6 சதவீதத்தினரிடம், தொற்றினாலோ தடுப்பூசியாலோ ரத்தத்தில் உண்டாகும் எதிர்ப்புரதம் (ஆன்டிபாடி) இருந்தது. கேரளத்தில் 44.4 சதவீதம், ஆய்வு நடந்த மாநிலங்களிலேயே குறைவு. பீகாரில் 75 சதவீதத்துக்கு மேல். கேரளத்தில் தடுப்பூசி வேகமாகப் போடப்பட்டு வந்தது என்பதையும் சேர்த்துப் பார்த்தால், வைரஸ் தொட்டவர்களின் பங்கு பீகாரில் கேரளத்தைவிட வெகு அதிகம். அதிகம் பேரைத் தொட்ட இடத்தில் இருபதில் ஒரு பங்கு சாவு என்றால், வைரஸின் குணம் மாறவில்லை, எண்ணுகிற விதம் மாறியிருக்கிறது. 2020 கடைசியில் "நம் ரத்தத்திலேயே எதிர்ப்புச் சக்தி ஊறியிருக்கிறது" என்று மார்தட்டிய பேச்சுகள் நினைவிருக்கிறதா? 2021 ஏப்ரலில் ஆக்சிஜன் சிலிண்டருக்கு நின்ற வரிசைகள் அதற்குப் பதில் சொல்லிவிட்டன.

எண்ணுவது எங்கே தவறுகிறது என்பதை அருகில் போய்ப் பார்ப்போம். மருத்துவமனையில் ஒருவர் இறந்தால் மருத்துவர் படிவம் 4 என்ற இறப்புக் காரணச் சான்றை நிரப்புகிறார். முதல் பகுதியில் அ, ஆ, இ என மூன்று வரிகள். மேல் வரியில் உடனடிக் காரணம்: மூச்சுத் திணறல். அடுத்த வரியில் அதற்குக் காரணம்: நிமோனியா. அதற்கும் கீழே, எல்லாவற்றையும் தொடங்கிவைத்த அடிப்படைக் காரணம்: கோவிட்-19. நீரிழிவு, ரத்த அழுத்தம் போன்றவை இரண்டாம் பகுதிக்குப் போகவேண்டும். அவற்றை அடிப்படைக் காரணமாக எழுதக்கூடாது என்று 2020லேயே வழிகாட்டுதல் வந்துவிட்டது. ஆனால் கீழ் வரியில் கோவிட் இருக்கவேண்டிய இடத்தில் "நீரிழிவு" என்று எழுதிவிட்டால் போதும், அந்தச் சாவு தினசரி அறிக்கையிலிருந்து மறைந்துவிடும். இதுவும் படிவம் நிரப்ப ஒரு மருத்துவர் இருந்தால்தான். 2019இல் பதிவான இறப்புகளில் மருத்துவக் காரணச் சான்று பெற்றவை ஐந்தில் ஒரு பங்குதான்.

திருத்தங்கள் வந்தன, தயங்கித் தயங்கி. 2020 ஜூலையில் சென்னையின் பட்டியலில் விடுபட்ட 444 இறப்புகளைத் தமிழக அரசு ஒரே நாளில் சேர்த்தது. 2021 ஜூனில் பாட்னா உயர்நீதிமன்றம் தணிக்கை செய்யச் சொன்னதும் 5,400 சொச்சமாக இருந்த பீகாரின் கணக்கு ஒரே இரவில் 9,429 ஆனது. பெரு நாடு 2021 மே மாதம் தன் கணக்கை 69,342இலிருந்து 1,80,764 ஆக உயர்த்தியது. அந்த நேர்மைக்கு அது பெற்ற பரிசு, லட்சம் பேருக்கான இறப்புப் பட்டியலில் உலகிலேயே முதலிடம்.

இந்தியாவில் தற்செயலாக ஒரு பரிசோதனையும் நடந்தது. கோவிட் இறப்புக்கு 50,000 ரூபாய் நிவாரணம் என்று உச்ச நீதிமன்றம் உறுதிசெய்த பிறகு விண்ணப்பங்கள் குவிந்தன. 2022 ஜனவரி நிலவரப்படி குஜராத்தின் அரசுக் கணக்கு சுமார் 10,000 இறப்பு. விண்ணப்பங்களோ 90,000ஐ நெருங்கின. கேரளத்தின் கணக்கு சுமார் 49,000. விண்ணப்பம் செய்தவர்கள் 27,000 பேர்தான். ஒரு மாநிலத்தில் இறப்பைத் தேடிக் குடும்பம் அலைந்தது. இன்னொன்றில் குடும்பத்தைத் தேடி அரசு அலையவேண்டியிருந்தது.

காரணச் சான்றை நம்பமுடியாதபோது காரணமே கேட்காமல் எண்ணுவது நல்லது. வழக்கமான ஆண்டில் எத்தனை பேர் இறப்பார்கள், இந்த ஆண்டு எத்தனை பேர் இறந்தார்கள், இரண்டுக்கும் இடைவெளி என்ன? இதுவே மிகை இறப்பு. 2020, 2021 ஆண்டுகளில் இந்தியாவில் 47 லட்சம் மிகை இறப்புகள் என்று உலக சுகாதார நிறுவனம் 2022 மே மாதம் மதிப்பிட்டது. அரசுக் கணக்கைப்போல ஏறக்குறைய பத்து மடங்கு. இவ்வளவு பெரிய, பன்முகத் தன்மை கொண்ட நாட்டுக்குப் பொருந்தாத கணித மாதிரி என்று இந்திய அரசு ஆட்சேபித்தது. மாதிரியைக் குறைசொல்ல இடம் உண்டுதான். ஆனால் மூன்று ஆண்டு கழித்து, 2025 மே மாதம், அரசே வெளியிட்ட குடிமைப் பதிவுக் கணக்கு (பிறப்பு, இறப்புப் பதிவேடு), 2021இல் 1 கோடியே 2 லட்சம் இறப்புகள் பதிவானதாகச் சொல்கிறது. 2020இல் அது 81 லட்சம். ஒரே ஆண்டில் 21 லட்சம் கூடுதல். அந்த ஆண்டின் அதிகாரபூர்வ கோவிட் இறப்போ சுமார் மூன்றேகால் லட்சம். பதிவு செய்யும் பழக்கம் மேம்பட்டதற்கும் இதில் ஒரு பங்கு உண்டு, முழுவதையும் வைரஸின் தலையில் கட்டமுடியாது.

அதே பதிவேட்டில் கேரளத்தின் வரிசையைப் பார்த்தேன். 2020இல் அங்கே இறப்புகள் முந்தைய ஆண்டைவிடச் சுமார் 20,000 குறைந்திருந்தன. முதல் ஆண்டில் வைரஸை வாசலில் நிறுத்திவைத்தது உண்மை. 2021இல் அந்த மாநிலம் பெருவிலை கொடுத்ததும் உண்மை; அதை அதன் அரசு பெரும்பாலும் எழுதி வைத்தது. பீகாரில் யார் எத்தனை வயதில் இறந்தார்கள் என்று பார்க்க அதே தரத்தில் ஒரு பதிவேடு வேண்டும்; பெருந்தொற்றுக்கு முன்பே அங்கு நிகழும் இறப்புகளில் கணிசமானவை பதிவாகாமல் போய்க்கொண்டிருந்தன. செயற்கைக்கோளுக்கும் மரபணு ஆய்வகத்துக்கும் நிதி கேட்டால் கைதட்டல் கிடைக்கிறது. இறப்பைப் பதிவு செய்யும் கிராம அலுவலருக்கு ஒரு கணினியும் பயிற்சியும் கேட்டுப் பாருங்கள்.

இதில் இன்னொரு சிக்கல், வகுக்கவேண்டிய எண்ணும் பழையது. 2021இல் நடக்கவேண்டிய மக்கள்தொகைக் கணக்கெடுப்பு தள்ளிப்போய் 2027க்கு வந்திருக்கிறது. மேலே நான் பயன்படுத்திய 16.5, 7.7 என்ற இரண்டு சதவீதங்களும் 2011இன் கணக்கெடுப்பிலிருந்து நீட்டிக் கணித்தவைதான்.