ஆட்டுப்பட்டிக்குத் தார்ப்பாய் கட்டுகிறவர்களுக்கு

மழை தொடங்கினால் போதும், எங்கள் கால்நடை மருந்தகத்துக்கு இருமும் ஆடுகள் வர ஆரம்பித்துவிடும். போன வாரம் ஒருவர், இரண்டு குட்டிகள் செத்தபிறகு மூன்றாவதைத் தூக்கிக்கொண்டு வந்தார். மூக்கில் கெட்டிச் சளி, வயிறு எக்கி எக்கி மூச்சு. "குளிர் தாக்கிடுச்சு சார். இத்தனைக்கும் நாலு பக்கமும் தார்ப்பாய் கட்டியிருக்கேன்" என்றார். கட்டியதால்தான் ஐயா!

"பட்டின்னாலே அடைக்கிற இடம்தானே?" என்று வேறு கேட்கிறார்கள். அடைப்பது ஆட்டை, காற்றை இல்லை. நம் பழைய ஆட்டுப்பட்டி என்பது முள்வேலியும் படலும்தான், மேலே வானம். செம்மறிக்குப் போடும் 'கிடை' என்ற சொல்லே 'கிட' என்பதிலிருந்து வந்தது. மந்தை இரவில் கிடக்கும் இடம், அவ்வளவுதான். அறுவடை முடிந்த டெல்டா வயல்களில் கீதாரிகள், அதாவது ஊர் ஊராக மந்தை ஓட்டிப்போகும் ஆட்டுக்காரர்கள், போடும் கிடையைப் பாருங்கள். சுற்றிலும் வலையோ தட்டியோ இருக்கும், குட்டிகளுக்கு மட்டும் கொடாப்பு என்கிற பெரிய கவிழ்ப்புக் கூடை. இடமும் மாறிக்கொண்டே இருக்கும், மூத்திரமும் புழுக்கையும் வயலுக்கு உரமாகிவிடும். கூரை போட்டதற்குக் கொட்டில் என்று தனிப்பெயரே உண்டு. கொட்டிலிலும் பக்கம் திறந்துதான் இருக்கும்.

உடம்பு நனையாத, நன்றாகத் தின்கிற பெரிய ஆடு நம்மூர்க் குளிருக்குச் சாகாது. ஈரத் தரையில் மூத்திரம் தேங்கி, அதை மூடியும் வைத்தால் அம்மோனியா கிளம்பும். நுரையீரல் கெட ஆரம்பிப்பது அங்கேதான். சந்தேகம் இருந்தால் ராத்திரி பட்டிக்குள் போய் ஆட்டின் மூக்கு உயரத்துக்குக் குந்தி உட்காருங்கள். கண் எரிகிறதா? ஆடு விடியும்வரை அதைத்தான் சுவாசிக்கிறது.

தார்ப்பாயைச் சாரல் அடிக்கும் பக்கம் மட்டும் கட்டுங்கள், மேலே ஓரடியாவது இடைவெளி விட்டு. பெரிய ஆடு ஒன்றுக்குப் 10 சதுர அடி வேண்டும். இருபது ஆட்டுக் கொட்டகையில் நாற்பதைத் திணிக்காதீர்கள். ஈரத்தின்மேல் சுண்ணாம்பைக் கொட்டாதீர்கள், நெடி இன்னும் கூடும். அள்ளிக் காயவைத்தபிறகு தூவுங்கள். சந்தையில் வாங்கிய ஆட்டை மூன்று வாரம் தனியாகக் கட்டுங்கள். ஆட்டுக்கொல்லி நோய்த் தடுப்பூசியைத் தவறவிடாதீர்கள்.

இருமல் தொடங்கிய அன்றே கொண்டுவாருங்கள். மெடிக்கலில் ஊசி வாங்கி நீங்களே போட்டுப் பார்த்துவிட்டு நாலாம் நாள் வந்தால் எங்களால் பெரிதாக ஒன்றும் செய்ய முடிவதில்லை, தயவுசெய்து.